மூலத்தில் இல்லாதவள்

புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையைக்கூடப் பார்க்காமல் உள்ளே இரண்டாவது தாளைத்தான் தேடினேன். தாள் இல்லை. தைத்த இடத்தில் விரல்கடை அகலத்துக்கு ஒரு கிழிசல் நின்றது. நாவலின் பெயர், ஆசிரியர் பெயர், அதற்குக் கீழே மொழிபெயர்ப்பு என்று போட்டு என் பெயர், எல்லாம் அந்தத் தாளில்தான் இருந்தன.

"இதுல ஒரு பக்கம் எங்கேங்க?"

பழைய புத்தகக் கடைக்காரர் ஏணியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லைப்ரரியில கழிச்சுப் போட்டதும்மா அது. முத்திரை குத்துன பக்கத்தைக் கிழிச்சுட்டுத்தான் அடுக்குவோம். கதை முழுசா இருக்கு, பயப்படாம எடுத்துட்டுப் போங்க."

கதை முழுசாக இருக்கிறதாம்! நடுக்கடையில் நின்று ஓவென்று கத்தலாம் போல இருந்தது. நாலு மாதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் கடை கடையாக ஏறி இறங்கி, தூசியில் தும்மித் தும்மி மூக்கு புண்ணாகிக் கண்டுபிடித்த ஒரே பிரதி. அதில் எனக்கு வேண்டிய ஒரே ஒரு தாளைப் பார்த்துக் கிழித்திருக்கிறான் மனுஷன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் மொழிபெயர்த்த நாவல் அது. அரசியல், கொலை, சிரிப்பு மூன்றும் கலந்தது. நிதியமைச்சர் அவையில் உட்கார்ந்தபடியே செத்துப்போவார். ஒரு ஓட்டு குறைந்தால் ஆட்சி போய்விடும் என்பதால் பக்கத்து இருக்கைக்காரர் ஓட்டெடுப்பு நடக்கிற மூன்று நாளும் பிணத்தின் கையைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் எழுதி முடிக்க எனக்கு இரண்டரை வருஷம் ஆயிற்று. பதிப்பகம் எனக்குத் தந்த பிரதிகளைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். கடைசி ஒன்றை வாங்கிப்போன நாத்தனார் திருப்பித் தரவேயில்லை. என் கையெழுத்துப் படி பதிப்பகத்தோடு போயிற்று.

போன வருஷம் பதிப்பகத்தை நடத்திவந்த பெரியவர் இறந்தார். மகன் வந்து உட்கார்ந்தான். நாலு மாதத்துக்கு முன்னால் அதே நாவல் பளபளவென்று புது அட்டையோடு வந்தது, மூலத்திலிருந்து புத்தம் புதிய மொழிபெயர்ப்பு என்று. மொழிபெயர்ப்பாளர் ஒரு மேடைப் பேச்சாளர். இரண்டு பக்கம் படித்ததுமே தெரிந்துவிட்டது. என் வாக்கியங்கள், என் அரைப்புள்ளிகூட மாறவில்லை. போன் செய்தால், "எங்ககிட்ட பழைய காப்பி இல்லை மேடம். உங்க பேர் இருந்துச்சுன்னா அந்தக் காப்பியைக் கொண்டாங்க, பார்க்கலாம்" என்கிறான். யார் காதில் பூ சுற்றுகிறான்? அதற்காகத்தான் இத்தனை அலைச்சல்.

வயிற்றெரிச்சலோடு அந்தப் பழைய பிரதியைப் புரட்டினேன். முன்பு படித்த யாரோ பென்சிலால் ஓரத்தில் ஹா ஹா என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒரு இடத்தில் இல்லை, பதினொரு இடத்தில். பதினொன்றும் கொட்டாவி அக்கா பேசுகிற இடம். அவள் அவையின் டெலிபோன் ஆபரேட்டர். ராஜ ரகசியங்களை எல்லாம் கொட்டாவி விட்டபடியே கேட்பவள். "ஆள் செத்தாச்சுன்னா சொல்லிடுங்க சார், நான் சாப்பிடப் போகணும்" என்பாள்.

புரட்டுவதை நிறுத்தினேன். அவள் மூலத்தில் கிடையாது. முந்நூறு பக்கத்தில் வாய் திறந்து பேசுகிற பெண் ஒருத்திகூட இல்லையே என்ற ஆத்திரத்தில் நானாகச் சேர்த்தவள் அவள். புதுப் பதிப்பிலும் அதே கொட்டாவியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு பதிப்பகத்துக்குப் போனேன். மகன் புத்தகத்தை வாங்கிப் பிரித்தான். கிழிசலைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

"பக்கமே இல்லையே மேடம்."

"பக்கம் வேண்டாம் தம்பி. மூலத்தை எடுங்க. அதுல மணி அடிக்கும், யாரோ போனை எடுப்பாங்க, அவ்வளவுதான். கொட்டாவி அக்காவை உண்டாக்கினது நான். மூலத்தைப் பார்த்துப் புதுசா எழுதினேன்னு சொல்றாரே உங்க பேச்சாளர், அவரு அவளை எங்கேருந்து பிடிச்சாரு?"

அவன் புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "அப்போ இல்லாததை நீங்களா சேர்த்திருக்கீங்க. மூல ஆசிரியருக்குப் பண்ணின துரோகம் இல்லையா இது? வெளியே தெரிஞ்சா உங்க பேர்தானே கெடும்?"

என் பெயர் கெடுமாம். கெடுவதற்காவது அது எங்கேயாவது இருக்க வேண்டாமா?

"தப்புதான் தம்பி. பண்ணினது நான். நான் பண்ணின தப்புல என் பேரைப் போடுங்க."

"சரி விடுங்க, அடுத்த பதிப்புல நன்றின்னு ஒரு வரி சேர்த்துடலாம்."

"நன்றியா? நீங்களே வச்சுக்குங்க."

வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டான். எழுந்து வெளியறைக்கு வந்தேன். புதுப் பதிப்பு கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தது. பார்சல் கட்டுகிற பெண் தரையில் உட்கார்ந்து சணலை முறுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். நான் அவளெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கட்டை இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை.

"எனக்கு வேலை போயிடும்க்கா. நான் எதையும் பார்க்கலை" என்று முணுமுணுத்து முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவள் கத்தரிக்கோல் மட்டும் தரையில் சறுக்கிக்கொண்டு என் பக்கம் வந்தது.

சணலை வெட்டினேன். முதல் பிரதியைத் திறந்து, பேச்சாளர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்து, அதன் கீழே என் பெயரை எழுதினேன். அழுத்தின அழுத்தில் பேனா அடுத்த தாளிலும் பதிந்தது. இரண்டாவது. மூன்றாவது. உள்ளே நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டபோது ஏழாவது பிரதியில் இருந்தேன்.