தாழப் போட்ட பந்துகள்

"ஏன்டா மதி, கையில இன்னா வாதமா?"

சபாபதி சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டபோது பந்து வலைக்கு அடியில் உருண்டு என் கால்மாட்டிலேயே வந்து நின்றது. மொத்த டீமும் சிரித்தது. புதிதாகச் சேர்ந்த முதலாமாண்டுப் பையன்கள், இன்னும் ஜெர்சிகூடக் கைக்கு வராதவர்கள், அவர்களும் சிரித்தார்கள். நான் வலது கையைத் தூக்கி, "என் தப்பு சார்" என்றேன். தூக்கிக் கொடுக்கிற பந்து சரியாக அமையாவிட்டால் செட்டர் கையைத் தூக்கி ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் வாலிபால் ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்த மரியாதை அது. அந்த ஜூலை மாதம் நான் கையைத் தூக்கிய அளவுக்கு பாரதி சாலை சிக்னலில் நிற்கிற போலீஸ்காரர்கூடத் தூக்கியிருக்க மாட்டார்.

பந்து கொளஞ்சிக்குப் போட்டது. ஆள் எம்பி அடிக்கிற உயரத்துக்கு வராமல், வலையை ஒட்டி, தாழ்வாக. அவன் நின்ற இடத்திலிருந்தே விரல் நுனியால் தட்டிவிடப் பார்த்தான், வலையில் பட்டு விழுந்துவிட்டது. "எம்பறதுக்கு எடம் குடுத்தியாடா அவனுக்கு? அவன் இன்னா பண்ணுவான் பாவம்?" என்று சார் மறுபடியும் கத்தினார். கொளஞ்சி குனிந்து முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். களைப்பில் நிற்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கொளஞ்சியப்பன் எங்கள் கல்லூரி அணியின் முதல் அட்டாக்கர். குறிஞ்சிப்பாடிக்காரன். நான் கடலூர் முதுநகர். பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது மாவட்ட அணியில் எங்களை ஒன்றாகப் போட்டார்கள், அன்றிலிருந்து நான் தூக்குவேன், அவன் அடிப்பான். அவன் எம்பினால் இடுப்புக்கு மேலே முழுசாக வலைக்கு மேல் தெரியும் என்று ஊர் டோர்னமென்ட்டுகளில் மைக்கில் சொல்லுவார்கள். அது கொஞ்சம் ஜாஸ்தி. நெஞ்சு வரைக்கும் தெரியும், அது நிஜம். படிப்பில் அவனுக்கு அரியர் ஏறிக்கொண்டே போனது. கால்தான் அவனுடைய டிகிரி. இந்தக் கடைசி வருஷம் சீசனில் நன்றாக ஆடிப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனுப் போடலாம். தேர்வாகாவிட்டால் என்ன செய்வான் என்று அவனும் யோசித்ததில்லை, நானும் கேட்டதில்லை.

மே மாதம் வடலூர் பக்கம் ஒரு கோயில் திருவிழா டோர்னமென்ட்டில் ஆடப் போயிருந்தோம். கொளஞ்சி அடித்துவிட்டு இறங்கும்போது, எதிர் அணிக்காரன் வலைக்கு அடியில் நீட்டியிருந்த காலின்மேல் இறங்கினான். இடது முட்டி. பச்சைக் குச்சியை முறித்த மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. மறுநாள் கடலூரில் ஒரு டாக்டரிடம் என்னை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனான். அவர் ஸ்கேனை வெளிச்சத்தில் காட்டி, முட்டிக்குள் இருக்கிற நார் பாதிக்கு மேல் கிழிந்துவிட்டது, ஆபரேஷன் பண்ண வேண்டும், அதுவரை ஓடுவது எம்புவது எதுவும் கூடாது என்றார். "மீதியும் போச்சுன்னா அப்புறம் நடக்கறதே கஷ்டம் தம்பி." ஆபரேஷன் செய்தால் எப்போது ஆடலாம் என்று கேட்டான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவனுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. வெளியில் வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "யார்கிட்டயும் சொல்லாத மச்சான்" என்றான். அதற்குப் பிறகு அந்த முட்டியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஒரு தடவை குறிஞ்சிப்பாடியில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா இளவரசி முந்திரி உடைக்கப் போகிறவர். கொட்டையின் எண்ணெய் ஏறி விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அந்தக் கையாலேயே கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். கொளஞ்சி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாக அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான்.

"சுளுக்குதானாம். எண்ண தடவிவுட்டா போயிடும்னா கேக்க மாட்டேங்கறான்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ பந்த நல்லா குடுத்தாதான் இவன் அடிக்க முடியுமாமே. எப்பப் பாத்தாலும் மதி மதின்னு உன் பேச்சுதான். இந்த வருசம் மட்டும் கொஞ்சம் பாத்து குடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரிம்மா" என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அந்தக் கட்டிலிலேயே ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன். சுளுக்காம் சுளுக்கு.

ஜூன் கடைசியில் சீசனுக்கான பயிற்சி ஆரம்பித்தது. மைதானத்தில் முளைத்த புல்லைக் கொத்தி, தண்ணீர் அடித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டோம். அந்த வேலையெல்லாம் கொளஞ்சி எல்லோரையும்விட அதிகமாகவே செய்தான். நடக்கும்போது ஒன்றும் தெரியாது. எம்பினால்தான் வண்டவாளம் வெளியில் வரும். முதல் நாள் நான் அவனுக்கு வழக்கமான உயரத்தில் ஒரு பந்தைத் தூக்கினேன். மூன்று எட்டு ஓடிவந்தான். இடது காலை ஊன்றுகிற நேரத்தில் அவன் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன். மற்றவர்கள் பந்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடி வெளியில் போய் விழுந்தது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாக மேலே போனது. "என்னுது, என்னுது. பந்து உள்ள வாங்கிடுச்சி."

அடுத்த பந்தைத் தாழ்த்திப் போட்டேன். அதற்கடுத்ததையும். எம்ப வேண்டாம், நின்றபடியே தள்ளிவிடலாம். சில சமயம் எதிராளிகளுக்கு நடுவில் விழுந்து பாயிண்ட்கூட வரும். வராவிட்டால் கை தூக்க நான் இருந்தேன். முதல் போட்டி வரைக்கும் முட்டிக்கு ஓய்வு கிடைக்கும், அன்றைக்கு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் ஆடிவிட்டால் தேர்வாகிவிடுவான், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாம். இதுதான் என் கணக்கு. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவானோ என்று பயம். நட்புக்காக உயிரையே விடுகிறோம் என்று ஒரு மிதப்பும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? திட்டு வாங்கிவிட்டு முதுநகருக்குப் பஸ் ஏறும்போது எனக்கு ஏதோ பெரிய மனுஷன் ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் கை ஒரு விசித்திரமான சாமான். நாள் முழுக்கப் பந்தைக் கெடுத்துப் போட்டுப் பழகினால், நன்றாகப் போட நினைக்கும்போதும் அது கெட்டுத்தான் போகிறது. மற்ற அட்டாக்கர்களுக்கும் என் பந்து முன்னே பின்னே போக ஆரம்பித்தது. ஆரோக்கியராஜ், சென்டரில் ஆடுகிறவன், ஒருநாள் பந்தைக் காலால் எத்திவிட்டு, "டேய், நீ தூங்கிட்டு வாடா மொதல்ல" என்றான். அன்றைக்கு நான் வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டுக்குப் போய் இருட்டுகிற வரைக்கும் சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சாய்நாத் வந்து சேர்ந்தான். சிதம்பரத்துப் பையன், கீழ வீதி, முதலாமாண்டு. ஒல்லியாக, மணிக்கட்டு ரெண்டும் பெண் பிள்ளைக்கு இருப்பது போல இருக்கும். பந்து அவன் விரலில் பட்டால் சத்தமே வராது. எங்கே போ என்கிறானோ அங்கே போய், ஒரு நொடி நின்று, இறங்கும். எல்லோரையும் அண்ணா அண்ணா என்பான், என்னிடம் வந்து, "அண்ணா, பின்பக்கம் தூக்கறது எனக்குச் சரியா வரல, சொல்லித் தரீங்களா?" என்று கேட்டான். அவனைப் பிடிக்காமல் போகவும் வழியில்லை. எரிச்சல்தான் வந்தது.

சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றோடு பயிற்சி ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. பல்கலைக்கழகத் தேர்வாளர் ஒருவரும் பார்க்க வருகிறார் என்றார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சார் எங்களைச் சுற்றி உட்காரவைத்தார். "மதி, நீ பெஞ்ச்ல இரு. சாய்நாத் எறங்கட்டும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நல்லா ஆடினவன்தான் நீ. இன்னா ஆச்சின்னு எனக்கே புரியல. ஒன்னால கொளஞ்சி லைஃப் கெட்டுடக் கூடாதுல்ல?"

நான் கொளஞ்சியைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை. 'இல்ல சார், மதியே ஆடட்டும்' என்று ஒரே ஒரு வார்த்தை. கயிற்றைக் கட்டி முடித்து, எழுந்து, பையைத் தோளில் மாட்டினான்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வரைக்கும் ஒன்றாகத்தான் நடந்தோம். அவன் ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரில் டீ வாங்கினோம்.

"மச்சான், நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"இன்னான்னு?"

"இன்னான்னா? ஒரு மாசமா யாருக்காவடா நான் திட்டு வாங்கறேன்?"

அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். அப்புறம், ரொம்ப மெதுவாக, "நான் கேட்டனாடா உன்ன?" என்றான்.

அவன் கேட்கவில்லை என்பது உண்மை.

"தெனம் நீ தாழ்த்திப் போடுவ, கைய தூக்குவ. பசங்க சிரிப்பானுங்க. ஊட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது மச்சான். என்னால முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட இல்ல?" டம்ளரைக் கீழே வைத்தான். "சாய் நல்லாத் தூக்குறான். ஞாயித்துக்கெழம நான் எம்பி அடிக்கத்தான் போறேன்."

"முட்டி போயிடும்டா."

"எம்பாம இருந்தா மட்டும் இன்னாத்துக்கு ஆவும் அது?"

ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது. படிக்கட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் வைத்து ஏறிப் போனான். சாரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று அங்கேயே நின்று நினைத்தேன். சனிக்கிழமை முழுக்க நினைத்தேன். சொன்னால் முட்டி தப்பிக்கும், அவன் வெளியே போவான், அவன் அம்மா என் முகத்தைப் பார்க்கமாட்டார். அதோடு இன்னொன்றும் இருந்தது. பெஞ்சில் உட்கார வைத்த வயிற்றெரிச்சலில் போட்டுக் கொடுக்கிறான் என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்தில் புழுக்கம் தாங்கவில்லை. மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டு வராமலே இருந்தது. கோபுரம் அந்த மூட்டத்தில் பாதி மங்கித் தெரிந்தது. தேர்வாளர் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பெஞ்சில் சாருக்குப் பக்கத்தில். ஆட்டம் ஆரம்பித்ததும் சாய்நாத் முதல் சில பந்துகளை ஆரோக்கியராஜுக்கே தூக்கினான். பெரிய அண்ணனுக்குப் போடப் பயமோ என்னவோ. எனக்கு மூச்சு வந்தது. இப்படியே போகட்டும் சாமி என்று நடராஜரை வேண்டிக்கொண்டேன், அவர் கோயிலுக்குப் போய் வருஷமாகிறது.

கொளஞ்சி கையைத் தட்டினான். "சாய், எனக்குப் போடு. நல்லா மேல போடு."

எதிரணியின் சர்வீஸை எங்கள் ஆள் எடுத்துக் கொடுத்தான். சாய்நாத் பந்துக்கு அடியில் போய் நின்றான். அவன் விரலிலிருந்து கிளம்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் என் வாழ்க்கையில் தூக்கிய எந்தப் பந்தும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. வலையிலிருந்து ஒரு முழம் விலகி, சுழலாமல், மேலே போய் நின்றது. கொளஞ்சி ஓடிவந்தான். வேண்டாம்டா, நின்னுக்கிட்டே தட்டிவுட்டுடு என்று வாய்வரைக்கும் வந்தது. கத்தவில்லை. எழுந்து மட்டும் நின்றேன்.

அவன் இடது காலை ஊன்றினான். எம்பினான். பழைய கொளஞ்சி. நெஞ்சு வலைக்கு மேலே தெரிந்தது. எதிரே எழும்பிய இரண்டு பேரின் கைக்கு மேலிருந்து அடித்தான். பந்து எதிர்ப்பக்கம் தரையில் பட்டு எகிறி, காம்பவுண்டு சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அவர்கள் காலேஜ் பையன்களே விசிலடித்தார்கள். நாற்காலியில் இருந்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்து ஆளிடம் பெயரைக் கேட்டார். சபாபதி சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பாத்தியாடா? பந்து ஒழுங்கா வந்தா எப்படி அடிக்கிறான் பாத்தியா?"

கொளஞ்சி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு கையாலும், மேல்பட்டியை. இடது பாதம் தரையில் படாமல் தொங்கியது. சாய்நாத் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான், மற்றவர்களும் போய் முதுகில் அறைந்தார்கள். அவன் திரும்பவே இல்லை. அம்பயர் விசில் ஊதினார். வலையை விடச் சொல்லிக் கையைக் காட்டினார். "டேய் கொளஞ்சி, வலைய வுடுறா, அடுத்த சர்வீஸ்!" என்று சார் சிரித்துக்கொண்டே கத்தினார். அவன் விடவில்லை. அவன் பாரத்தில் வலை நடுவில் தொய்ந்து இறங்க, இரண்டு பக்கத்துக் கம்பங்களும் மெதுவாக உள்ளே சாய்ந்துகொண்டிருந்தன.