சாதுவான மீன்

மாப்பிள்ளை கையால் தருகிற பொருளை யாராவது பிரித்துப் பார்த்து வாங்குவார்களா? நான் பார்க்கவில்லை. தப்ரேஸ் முதலில் என் நண்பன், அப்புறம்தான் தங்கை புருஷன். கல்யாணத்தை நானே முன்னின்று பேசி முடித்தேன். தங்கையையே நம்பிக் கொடுத்த நான், அவனிடம் ஒரு மீனுக்கா கேள்வி கேட்பேன்?

கவரில் தண்ணீரோடு கொண்டு வந்தான். விரல் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடுகள்.

"ஆப்பிரிக்கா மீனு மச்சான். எங்கூட்ல தொட்டிய எடுத்துட்டேன். நீ வெச்சிக்கோ."

"என் ஏஞ்சலுங்கள கடிக்காதே?"

"இதுவா? சாது மச்சான்."

ஏஞ்சல் மீன்கள் ஐந்து. பொட்டு அளவில் வாங்கி, என் மகள் ஹிபா பெயர் வைத்து வளர்த்தவை. திருமழிசையில் ஷிப்ட் முடிந்து வந்து, அவளோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தால்தான் பூந்தமல்லி வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

முதல் வாரமே இரண்டு, வால் கிழிந்து மிதந்தன. தப்ரேஸுக்குப் போன் போட்டேன். "லாரித் தண்ணியா ஊத்துனே? அதான்" என்றான். கேன் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவதும் செத்தது. "பாப்பா தீனிய அள்ளிப் போடுதா பாரு" என்றான். ஹிபாவைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவள் தீனி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவள்தான், பிறகு தொட்டிப் பக்கமே வரவில்லை. மாதம் முடிவதற்குள் கோடு போட்டவன் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தான். சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் சொன்னது மாப்பிள்ளையாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை தங்கை சபூரா, மகள் இனாயாவோடு வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு இனாயா தொட்டிக்கு ஓடினாள்.

"ஐ, ரவுடி! இங்கியும் அல்லாரையும் காலி பண்ட்டியா?"

"யாரும்மா ரவுடி?"

"இவன்தான் மாமா. எங்கூட்ல பதினோரு மீன கொன்ட்டான். அத்தாதான் பேர் வெச்சாரு."

மீன் மேல் கோபமில்லை. தான் சாது என்று அது என்னிடம் சொல்லவில்லை. சொன்னவன், ஒரே சஹன் தட்டில் என்னோடு கை வைத்துச் சாப்பிட்டவன். தெரிந்தே கொடுத்து, தெரிந்தே என் பிள்ளை மேல் பழி போட வைத்திருக்கிறான்.

சபூரா தலை குனிந்து நின்றாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்ணே."

"ஒரு போன் பண்ணக் கூடாது? கூடப் பொறந்தவளே இப்டி பண்ணா நான் யாரத்தான் நம்புறது?"

"போன் எங்கிட்ட ஏது? ஆறு மாசமா அவருதான் புடுங்கி வெச்சிகினு கீறாரு. உங்கிட்ட வாயத் தொறந்தா இன்னா நடக்கும்னு எனக்குத்தான் தெரியும்."

எனக்கு அதுவும் காதில் சரியாக ஏறவில்லை. என் ஆத்திரம் எனக்கு.

"சாதுன்னு சொன்னான் சபூரா! என் மூஞ்சிக்கு நேரா சாதுன்னு சொன்னான்!"

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அவர கூட சாதுன்னு சொல்லித்தானே அண்ணே எனக்குக் கட்டி வெச்சே?"