தொம்மச்சன் வந்தாரா?

1

இந்தக் கதை என் பித்தப்பையிலிருந்து வந்தது. காலையில் போனால் வயிற்றில் நான்கு துளை போட்டுப் பையை எடுத்துவிட்டு, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கோட்டயத்து ஆஸ்பத்திரி ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன். தையல் பிரிக்க அங்கேதான் போயாக வேண்டும்.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

மயக்கம் என்பது ஒரு சிறிய மரணம். (இல்லை. எச்சில்தான் வழிந்தது.)

ஜன்னலுக்கு வெளியே மழை, அவள் கண்களிலோ (ஜன்னலே கிடையாது.)

2

பக்கத்துக் கட்டில்காரருக்கு அன்னக்குட்டி என்று பெயர் வைக்கிறேன். அறுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், தனியாள். அவருக்கும் பித்தப்பைக் கல்தான். எங்கள் ஊரில் பைஸ்டாண்டர், அதாவது கூட இருக்க ஓர் ஆள், இல்லாமல் ஆஸ்பத்திரியில் தும்மக்கூட விடமாட்டார்கள். கஞ்சி வாங்குவதிலிருந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போவதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. படிவத்தில் அந்த இடத்தில் அன்னக்குட்டி எழுதியது: 'தொம்மச்சன், தம்பி.'

அப்படி ஒரு தம்பி அவருக்குக் கிடையாது.

(போஸ்ட்மாஸ்டர் பொய் எழுதுவாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் முப்பது வருடம் தவறான முகவரிக் கடிதங்களைத் திருப்பி அனுப்பியவருக்கு, நம்பும்படி ஒன்றை எழுதத் தெரியாதா?)

"தம்பி எங்க சேச்சி?" என்று கேட்டார் நர்ஸ் பின்ஸி.

"கார் நிறுத்தப் போயிருக்கான். அவனுக்கு ரிவர்ஸ் வராது, பாவம்."

என் பாத்திரங்களில் எவனுக்கும் இத்தனை உயிர் இருந்ததில்லை.

3

உள்ளிருந்து எடுத்ததை பைஸ்டாண்டரிடம் காட்டுவது வழக்கம். எனக்குத்தான் முதலில் நடந்தது. என் பதினொரு கற்களையும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள் என் மனைவி ஷைனி.

"ஒண்ணுகூட உருப்படியா இல்ல" என்றாள்.

அடுத்து மைக்கில் கூப்பிட்டார்கள்: "அன்னக்குட்டியோட பைஸ்டாண்டர், தியேட்டர் வாசலுக்கு வாங்க." மூன்று தடவை. யாரும் போகவில்லை. அந்தக் கற்களைப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

ஷைனி எழுந்தாள். "நான் போய்ப் பாக்கட்டுமா?"

"சும்மா உக்காரு. கையெழுத்துப் போடச் சொன்னா மாட்டிக்குவோம்."

(இந்த வசனத்தை வேறு யார் வாயிலாவது வைக்க மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை. அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னது நான்தான். வெட்கமாக இருக்கிறது.)

4

அன்றன்றே வீட்டுக்கு அனுப்பும் வார்டு என்பதால் ஐந்து மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். நாலரைக்கே அன்னக்குட்டி புடவை மாற்றி, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னுமா சேச்சி கார் நிறுத்துறார்?" என்றார் பின்ஸி.

"சின்ன வயசுலேருந்தே அவன் மந்தம்."

"ஆள் வராம விட முடியாது. மேல வார்டுல படுக்க வெச்சிடுவோம்."

"வேணாம் மோளே. எனக்கு என் வீட்டுல படுக்கணும்." கைப்பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "பாரு, நிக்கிறேன்ல? நடந்துடுவேன்."

முடிவு அ: நிஜமாகவே ஒரு தம்பி வந்து நிற்கிறார். (டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் கைதட்டலாம்.)

முடிவு ஆ: பின்ஸியே கையெழுத்துப் போடுகிறார். (வேலை போய்விடும்.)

முடிவு இ: ஷைனி என்னைக் கேட்காமலே எழுந்து போகிறாள்.

இதை எழுதும்போது ஷைனி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு எந்திரிக்க விடல. இப்ப கதையில எந்திரிச்சு உங்களுக்கு நல்ல பேரு வாங்கித் தரணுமா?" என்றாள்.

அடித்துவிட்டேன்.

உண்மையில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நாலே முக்காலுக்கு எங்கள் ஆட்டோ வந்துவிட்டது. அந்தக் கட்டில் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தேன்.

5

ஐந்தாகக் கால் மணி நேரம் இருக்கிறது. நான் போய்விட்டேன், நீங்கள் இன்னும் வார்டு வாசல் நாற்காலியில்தான் இருக்கிறீர்கள். உங்கள் வயிற்றில் தையல் இல்லை. கையைப் பிடித்து உட்கார வைக்கவும் ஆள் இல்லை. பின்ஸி கதவைத் திறந்து, நாற்காலி வரிசையை ஒரு தடவை பார்க்கிறார்.

"இங்க தொம்மச்சன் யாரு?"