ஆனா சார்

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் அந்தப் பட்டறையில் சூப்பர்வைசருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'ஆனா சார்'. அவர் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்குத் தெரியாமலும் இல்லை.

ஒரு காலத்தில் மனுஷன் வாயைத் திறந்தால் வள்ளென்றுதான் விழுவார். லென்ஸில் ஒரு கீறல் விழுந்தால் பட்டறையையே ரெண்டாக்கிவிடுவார். புகார் மேல் புகார் போய், முதலாளி அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். குறை சொல்வதற்கு முன்னால் நிறை சொல்லுங்கள் என்று அங்கே பாடம் எடுத்தார்கள். அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். அட, அப்படியொரு பிடி! "பாலிஷ் பிரமாதம்ப்பா. ஆனா ஓரம் கோணலா இருக்கு." "சீக்கிரம் முடிச்சிட்டியே, சபாஷ். ஆனா பாதி திரும்பி வந்துடுச்சு." குறை இல்லாத நாளிலும் பாராட்டலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் 'நல்லா' என்று ஆரம்பித்தாலே, 'ஆனா' எப்போது வருமோ என்று ஆட்கள் பதறுவார்கள். கத்திக்கொண்டிருந்த காலத்தில்கூட டீ குடிக்கும்போது நாலு பேர் அவரோடு நின்றார்கள். இப்போது அவர் வந்தால் சாப்பாட்டு மேசை சத்தமில்லாமல் காலியாகிறது. மனைவி போய்ச் சேர்ந்தபிறகு வீட்டிலும் பேச்சுத்துணை கிடையாது. மிச்சமிருந்தது லென்ஸைச் சோதிக்கிற அம்மா ஒருத்திதான். இவரைக் கண்டால் தன் சாப்பாட்டு டப்பாவை நகர்த்தி, "உட்காருங்க சார்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே மனுஷன் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அவள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். "நீங்களே பேசி நிறுத்தப் பாருங்க," என்றார் முதலாளி.

தன் தடுப்பறைக்கு அவளைக் கூப்பிட்டார்.

"உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல்கூட வெளிய போனதில்லம்மா."

மனசாரத்தான் சொன்னார். அவள் தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

"புதுசா வர்றவங்களுக்கு நீங்க சொல்லித்தர்ற அழகு வேற யாருக்கும் வராது."

அவள் கையுறையைக் கழற்றிச் சுருட்டினாள்.

"பொறுமைன்னா அப்படியொரு பொறுமை..."

"சார்," என்றாள், முகம் வெளிறிப்போய். "எவ்வளவு பெரிய தப்பா இருந்தாலும் போட்டு உடைச்சிடுங்க. இப்படி ஏத்திக்கிட்டே போனா பயமா இருக்கு."

"ஐயையோ, தப்பே இல்லம்மா!"

"இதனாலதான் சார் போறேன். பக்கத்துல உட்கார்ந்து நல்லா பண்ணீங்கன்னு ஆரம்பிப்பீங்க. அடுத்து என்ன வருமோன்னு சாப்பாடு தொண்டையில இறங்காது. எல்லாரும் எழுந்து போறாங்களே, நாமளும் போனா நல்லாவா இருக்கும்னுதான் உட்கார்ந்திருந்தேன்."

அவருக்குச் சுருக்கென்றது. பாவப்பட்டுத்தான் இடம் கொடுத்தாளா! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் சொன்னதெல்லாம் நிஜம்தாம்மா. ஆனா..."

பழகின வாய், தானாக வந்துவிட்டது. அவள் அப்பாடா என்று மூச்சுவிட்டாள். "சொல்லுங்க சார்."

"ஆனா, நீங்க போயிட்டா எனக்கு உட்கார இடமில்லம்மா."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"இத ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா சார்? நேத்துதான் வேற பட்டறையில வேலைக்கு வரேன்னு வாக்கு குடுத்துட்டு வந்தேன்."

அவள் போன மறுநாள் மதியம், மேசையில் பாலிஷ் போடுகிறவன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்கு நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம் என்று முடிவு பண்ணிக்கொண்டு இவர் போனார்.

"உட்காரலாமாப்பா?"

அவன் விருட்டென்று எழுந்தான். "சார், என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"ஒண்ணுமில்லப்பா. பசிக்குது."

அவன் ஒப்புக்குச் சிரித்தான். "ஓரத்த இன்னொரு தடவ பார்த்துடறேன் சார்," என்று பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிக்கொண்டு மெஷின் பக்கம் ஓடினான்.

இவர் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். அதைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.