கிளாம்புக்கு அடியில் இரண்டு கோட்டு

காலையில் எழுந்தேன். பால் காய்ச்சினேன். அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, வாளியில் ஊற்றி, பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் நின்று குளித்தேன். குளியலறைக் கதவு சாத்தியே இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருந்தேன்.

வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது குழாய்கள் எல்லாம் இரும்பு. எங்காவது மின்கசிவு இருந்தாலும் இரும்பு வழியாகவே மண்ணுக்குப் போய்விடும். துருப்பிடித்த ஒரு துண்டை பிளம்பர் வெட்டி எடுத்து, நடுவில் பிளாஸ்டிக்கைச் செருகினார். தண்ணீர் போனது. மின்சாரம் போக வழி இல்லை. ஹீட்டரில் மின்சாரம் கசிந்த அன்று குழாயைத் திறந்தது என் மனைவி.

மகள் அன்றிலிருந்து மச்சான் வீட்டில் இருக்கிறாள். மனைவியின் அண்ணன். "எல்லாக் குழாய்க்கும் எர்த் குடுத்து, மீட்டர் கத்துறத என் காதால கேட்டாத்தான் பாப்பாவ அனுப்புவேன், மாப்ளை" என்று சொல்லிவிட்டார்.

ஹீட்டர் புதிது. கசிந்தால் தானே அணையும் சுவிட்சும் மாட்டியாயிற்று. நேற்று எலக்ட்ரீஷியன் பிளாஸ்டிக்குக்கு இரு பக்கமும் இரும்பைச் சுரண்டி, கிளாம்ப் பட்டை போட்டு முடுக்கி, பச்சை ஒயரால் இணைத்தார். மின்சாரம் போக வழி இருந்தால் கத்தும் மீட்டரை வைத்துப் பார்த்தார். மீட்டர் கத்தியது. அதனால்தான் மச்சானை இன்று வரச் சொல்லியிருந்தேன்.

இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். எலக்ட்ரீஷியன் மீட்டரின் ஒரு முனையை எர்த்திலும் மறு முனையைக் குழாயிலும் வைத்தார். சத்தமே இல்லை. மறுபடி வைத்தார்.

"நேத்து கத்துச்சே சார். நீங்களும் கேட்டீங்கல்ல?"

"நேத்து கத்துனா?" என்றார் மச்சான். "இனிமே இங்க குளிக்கப் போறது என் மருமக."

வரவேற்பறையில் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்த பெயின்டர் எட்டிப் பார்த்தார். முகத்தில் பெருமை.

"குழாய் எப்படி இருக்கு சார்? கிளாம்ப கழட்டி, அடியில ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சு, காஞ்சதும் பழையபடி முடுக்கிட்டேன். ஒரு கோடு தெரியுதா பாருங்க."

எலக்ட்ரீஷியன் தலையில் கை வைத்தார். "யாருய்யா உன்னைக் கழட்டச் சொன்னது?"

"சுரண்டி அசிங்கமா கெடந்துச்சு."

"சுரண்டினவனே நான்தான்யா! பெயின்ட் இருந்தா கரண்ட் எப்படிப் போகும்?"

"எனக்கென்ன தெரியும்? அரைகுறையா விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

"நீ நல்லாத் தூங்கு. எனக்குத்தான் இனிமே வராது."

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தார்கள். பிளம்பரும்தான், இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பெயின்டரிடம் உப்புத்தாளை வாங்கிக்கொண்டு நானே தரையில் படுத்தேன். வெள்ளை பெயின்ட் தூளாகக் கண்ணில் விழுந்தது. இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். தெரிந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும் சார், குழாய் ஓட்டையாயிடும்" என்றார் எலக்ட்ரீஷியன். கிளாம்பை முடுக்கினார். மீட்டர் கத்தியது.

"ஷவர்ல வை" என்றார் மச்சான். கத்தியது. "கைகழுவுற குழாய்ல." கத்தியது. "சமையல்கட்டுல." அங்கும் கத்தியது.

"அப்ப அந்த எடத்த அப்படியேவா விடணும்?" என்றார் பெயின்டர், மனசே இல்லாமல்.

"தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றார் எலக்ட்ரீஷியன்.

மச்சான் என் சட்டையிலிருந்த தூளைத் தட்டிவிட்டார். "நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். ஸ்கூலுக்கு இனி நீங்கதான் கெளப்பணும். முடியுமா?"

"முடியும் மச்சான்."

"முடியாம என்ன. கடைசியா உங்ககிட்டதானே தங்கச்சி சொல்லிட்டுப் போனா, பாப்பாவப் பாத்துக்கங்கன்னு."

துக்கத்துக்கு வந்த யாரோ கிளப்பிவிட்ட பேச்சு அது. எல்லோரும் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை. அன்று மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவைச் சாத்துவதற்கு முன் மனைவி தலையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னாள்:

"பாப்பா எந்திரிச்சா நீங்க தலை வாரி விட்டுடாதீங்க. வகிடு கோணலா எடுக்கிறீங்க. நான் வந்து வாரி விட்டுக்கிறேன்."