தட்டை மட்டும் பிடி

நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து ராஜபாளையத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் மாரிக்கனி அந்த வீடியோவைப் பார்த்தாள். வேட்பாளர் நவநீதகிருஷ்ணன் வியாபாரிகள் கூட்டத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். "இந்தக் காலத்துல எவன் சாதி பார்க்கான்? வன்கொடுமைச் சட்டத்தை வச்சு நல்ல குடும்பத்துப் பிள்ளைகளைக் கோர்ட்டுக்கு இழுக்காங்க. எல்லாரும் சமம்னா எல்லாருக்கும் ஒரே சட்டம் போதும்." கைதட்டல் காதைப் பிளந்தது.

அவள் வீடியோவைப் பாதியிலேயே அணைத்தாள்.  போன ஐப்பசியில் அவள் அப்பா முத்துவீரன் இறந்தபோது, அவர்கள் வழக்கமாகச் சுடுகாட்டுக்குப் போகும் ஓடைப் பாதை அடைமழையில் முங்கிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பாடையை மேல்சாதிக்காரர்கள் குடியிருக்கும் ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப் போனார்கள். அந்த நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் நாலு பேர் மறித்துப் பாடையைத் தள்ளிவிட்டார்கள். அப்பாவின் முகத்தில் அப்பிய சேற்றை அவள்தான் முந்தானையால் துடைத்தாள். பெற்ற தகப்பனை அந்தக் கோலத்தில் பார்த்தவளிடம் வந்து, சாதி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார் இந்த மனிதர்.

அதற்காக அவள் போட்ட வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடந்தது. திங்கட்கிழமை சாட்சி விசாரணை. பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட, மிஞ்சியவர் சின்னையா சிவனாண்டி மட்டும்தான். அவரும் மாறிச் சொன்னால் வழக்கு அதோடு முடிந்தது. இப்போது அவரும் இழுத்தார்.

"எலெக்சன்ல நிக்காருல்லா, அவரு சுடுகாட்டுக்கு நமக்குன்னே தனிப்பாதை போட்டுத் தாராராம்ட்டி. பொறவு கேஸு எதுக்கு?"

"தனிப்பாதையா கேட்டோம் சின்னையா? ஊர்த்தெருவுல நீ நடக்கக் கூடாதுன்னு சொல்லுததுக்குத்தான் அந்தப் பாதை."

சிவனாண்டி தலையைச் சொறிந்தார். "நாளைக்கு நம்ம தெருவுக்கு வாராரு. ஆளப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் காலையில் கட்சிக்காரர் சுயம்புலிங்கம் வந்தார். "ஆலாத்தித் தட்டை நீதான் பிடிக்கணும் தாயி. கேஸு போட்ட பொண்ணே வரவேற்குதுன்னா ஊரு ஒத்துமையாயிரும்."

முகத்தில் அறைந்தாற்போல் மறுத்திருப்பாள். ஆனால் சின்னையா அந்த ஆளைக் கிட்டத்தில் பார்க்கட்டும் என்று தோன்றியது. சரி என்றாள்.

வேட்பாளர் முதலில் ஊர்த்தெருவுக்குப் போனார். காலனித் தெருமுனையில் நின்ற மாரிக்கனிக்கும் சின்னையாவுக்கும் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் ஆரத்தி சுற்றினார்கள், விரலைத் தட்டில் தொட்டு அவர் நெற்றியில் பொட்டு வைத்தார்கள். அவரும் சமர்த்துப் பிள்ளையாகக் குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டார். நெற்றியே சிவந்து போயிருந்தது.

வண்டி காலனிக்குத் திரும்புமுன் மகளிரணிப் பெண் ஒருத்தி ஓடிவந்து மாரிக்கனியின் பக்கத்தில் நின்றாள். "நீ தட்டை மட்டும் பிடி. சுத்துனதும் பொட்டை நான் வச்சிருதேன்."

"ஏன், எனக்கு வைக்கத் தெரியாதா?"

"எல்லாக் காலனியிலயும் இப்படித்தான்மா" என்றாள் அவள், சாவகாசமாக.

எல்லாக் காலனியிலும். அப்படியென்றால் இதற்கென்று ஓர் ஆளைக் கூடவே கூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டுக் கேட்கிறார்கள். மாரிக்கனி தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நவநீதகிருஷ்ணன் இறங்கி மைக்கைப் பிடித்தார். "நீங்களும் நானும் சமம். சம உரிமையைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது தாய்மார்களே. அதுக்கு மனசு வரணும்."

மாரிக்கனி தட்டைச் சுற்றினாள். மகளிரணிக்காரியின் விரல் நீண்டது. மாரிக்கனி தட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் விரலைத் தோய்த்து அவர் நெற்றிக்கு நேரே நீட்டினாள்.

அவர் பின்வாங்கிய வேகத்தில் முதுகு வண்டிக் கதவில் மோதியது. நெருப்பைக் கண்டதுபோல் இருந்தது அந்த முகம். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரித்து மழுப்பினார். "வேண்டாம்மா. வெயில், ஒரே வேர்வையா இருக்கு."

"ஊர்த்தெருவுலயும் இதே வெயில்தான்யா அடிச்சுது" என்றாள் மாரிக்கனி. நீட்டிய விரலை மடக்கவில்லை. "மனசு வரணும்னு சொன்னீக. வந்த பொறவு சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் எங்களுக்குச் சட்டம் வேணும்."

அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். சுயம்புலிங்கம் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் பின்னால் ஓடினார்.

சிவனாண்டி அவள் கையிலிருந்த தட்டை வாங்கி, ஆரத்தித் தண்ணீரை வண்டி போன தடத்தில் கொட்டினார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை நேரத்தோட எழுப்பி விடு தாயி. மொத பஸ்ஸுலயே போயிருவோம். எங்கண்ணன் பாடைய எந்தத் தோள்ல சுமந்தேன், எவன் வந்து தள்ளுனான்னு ஜட்ஜையாட்ட நானே சொல்லுதேன்."