முயல வேண்டும்

சிஸ்டர் பிலோமினா ஜெனீவாவில் ஆறு ஆண்டுகள் இருந்தவர். பிழைக்க வெளிநாடு போகிறவர்களைப் பற்றி நாடுகள் கூடிப் பேசும் கூட்டங்களில், கத்தோலிக்க அமைப்பு ஒன்றின் சார்பாக உட்காருவது அவர் வேலை. உழைக்கிறவன் சரக்கு அல்ல, அவனுக்கு வீடும் உறவும் உண்டு என்ற திருச்சபையின் போதனையை அரசாங்கங்களுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுப்பார். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பதை நாடுகள் 'தடுக்க வேண்டும்' என்ற ஒரு வரிக்காக மூன்று ஆண்டுகள் மன்றாடினார். கடைசி நாளில் அது 'தடுக்க முயல வேண்டும்' என்று ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

இப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. தென்காசியில் ஒரு சிறிய மடத்தில் இருக்கிறார். உடனிருந்த சிஸ்டர் மாற்றலாகிப் போய் எட்டு மாதமாயிற்று. பதிலுக்கு யாரும் வரவில்லை. ஒரு ஆளுக்கு உலை வைப்பதை அவர் விட்டுவிட்டார். பூசை முடிந்து வரும்போது நாலு இட்லி வாங்கி, இரண்டை மத்தியானத்துக்கு எடுத்து வைப்பார்.

சாரல் தொடங்கிய வாரம், பின்தெரு ஹைருன் பீவி மடத்துக்கு வந்தார். அதுவரை பார்த்தால் சிரிப்பதோடு சரி.

"எம்மவன் ஆசிப் கல்ஃப்ல இருக்கான் சிஸ்டர். அவன் வாப்பாவுக்கு ரொம்ப முடியல. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. இவன் பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு. கேட்டா நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லுதானாம். ஒங்க ஆளுவ வெளிநாட்டுல பெரிய எடத்துல இருக்காவளாமே?"

சிஸ்டர் அப்போதே ஜெனீவாவுக்கு எழுதினார். பழைய தோழி மறுநாள் பதில் போட்டாள். அந்த நாடு முயல்வதாகத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறது, அதைக் கட்டாயப்படுத்த வழியில்லை என்றாள். ஆசிப் இருக்கும் ஊரின் பங்குச் சாமியாருடைய நம்பரையும் அனுப்பியிருந்தாள். அந்த மலையாளச் சாமியார் நான்கு நாள் கம்பெனி வாசலில் போய் நின்றார். ஐந்தாம் நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அன்று காலையில்தான் ஆசிப்பின் வாப்பா முகம்மது கனி இறந்திருந்தார். ஆசிப் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ஹைருன் பீவி இருந்ததால் வெளியே வர முடியாது. சிஸ்டர்தான் அவரைத் தேடிப் போனார்.

"'முயல'ன்னு ஒரு சொல்லைச் சேக்க நாங்க விட்டுட்டோம்மா. நானும் அங்க இருந்தேன். அது இல்லாம இருந்திருந்தா ஒங்க மவன் வாப்பா மொகத்தைப் பாத்திருப்பான்" என்று நடந்ததைச் சொன்னார்.

ஹைருன் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "மடத்துல நீங்க ஒத்தையிலயா இருக்கீக?" என்று கேட்டார்.

"ஆமா."

"எனக்கும் இனி அப்படித்தான். அவன் லீவு முடிஞ்சு போயிருவான்."

ஆசிப் அதே கம்பெனிக்குத்தான் திரும்பினான். இத்தா முடியும்வரை சிஸ்டர் தினமும் நாலு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தியில் மஃரிப் பாங்கு கேட்டதும் ஹைருன் பீவி தொழ எழுந்துகொள்வார். சிஸ்டர் குடையை விரித்துக்கொண்டு மடத்துக்கு நடப்பார்.